தோல் உரிக்காத நாரை

எங்கள் பறவைகள் சரணாலய ஏரி அலுவலகத்தில் அவளுக்கு போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் போஸ்ட்மார்ட்டம். அது அவளுக்கும் தெரியும். நான் அங்கே ஜீப் டிரைவர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவானும் நான்தான்.

செத்த பறவையைப் பார்த்து, கொன்றது யார் என்று எழுதித் தருவது அவள் வேலை. பின்பக்க அறையில் தகரம் அடித்த ஒரு மேஜை, ஒரு கத்தி, ஒரு பழைய ஃப்ரிட்ஜ். அதே ஃப்ரிட்ஜில்தான் அதிகாரி தன் சாப்பாட்டு டப்பாவையும் வைப்பார், அவர் வயிறு அப்படி. இறகு முழுசாகப் பிடுங்கி ஒரே இடத்தில் கொட்டிக் கிடந்தால் வல்லூறு. பாதியில் கத்தரித்தது போல, எச்சில் பட்டுக் கற்றையாகக் கிடந்தால் நாய் அல்லது பூனை. இவ்வளவும் எனக்கே தெரியும். ஆனால் அவள் அதோடு விடமாட்டாள், தோலை உரிப்பாள்.

"உயிரோட இருக்கும்போது கடிச்சாத்தான் தோலுக்கு அடியில ரத்தம் கட்டும். செத்ததைக் கடிச்சா கட்டாது. மேலோட்டமாப் பாத்துட்டு எழுதுறது வேலை இல்ல, கதை விடுறது" என்பாள்.

பறவைகள் மேல் அவளுக்குப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். "பக்கத்துக் கூட்டுக் குஞ்சு தவறி வந்துட்டா மண்டையிலயே கொத்திக் கொல்ற ஜாதி இது. கொஞ்சுறதுக்கு என்ன இருக்கு?" என்று நாரைகளைப் பார்க்க வந்தவர்களிடமே சொல்லி அவர்கள் வாயை அடைத்திருக்கிறாள்.

ஏரிக்குக் காவலாளி அவளுடைய தம்பி. ஆறு வயதில் தாயில்லாமல் போனவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான், வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். "அக்கா இருக்கிறவரைக்கும் அவனுக்கென்ன குறை" என்று அலுவலகத்தில் ஆளாளுக்கு ஜாடையாகப் பேசினோம். அந்தப் பேச்சு அவளுக்கு முள்ளாகக் குத்தியது. தம்பியின் மனைவி விட்டுப் போய் நான்கு வருஷம். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் அவனும், காது கிழிந்த ஒரு செம்பட்டை நாயும்தான்.

போன சீசனில் நாரைக் குஞ்சுகள் தினமும் செத்து விழுந்தன. ஒருநாள் காலை, அதிகாரியும் மேலிடத்து ஆட்கள் நாலு பேரும் கரையில் நிற்கும்போது, அந்த நாய் வாயில் ஒரு குஞ்சோடு மரத்தடியிலிருந்து வாலாட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"உங்க தம்பி நாயாச்சே. என்ன எழுதப் போறீங்க?" என்றார் அதிகாரி.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குஞ்சைப் புரட்டினாள். கழுத்து இறகெல்லாம் எச்சிலில் நனைந்திருந்தது.

தம்பி கிட்டே வந்தான். "அக்கா, தோலை உரிச்சுப் பாருக்கா. கீழ கெடந்ததைத்தான் எடுத்திருக்கும்."

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

'நாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குஞ்சைக் குழியில் போடச் சொன்னாள். மேலிடத்து ஆள் ஒருவர், "நேர்மைன்னா இது" என்றார். அவள் முகத்தில் ஒரு பெருமை வந்ததே, அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பறவையைக் கொன்ற நாய் கரையில் இருக்கக் கூடாது, இருந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. நான் இரண்டு தடவை அதை ஜீப்பில் ஏற்றித் தூரத்தில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தது, இரண்டாவது தடவை பாதம் தேய்ந்து ரத்தத்தோடு. அதிகாரி ஒருநாள் கெடு கொடுத்தார். பூச்சி மருந்தை வாங்கி வந்தது நான். சோற்றில் பிசைந்தது தம்பி.

"வேற யாரு வச்சாலும் திங்காது டிரைவரே" என்றான்.

அது அவன் கையை நக்கிவிட்டுத்தான் தின்றது. சாக முக்கால் மணி நேரம் ஆனது. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நான் சத்தம் கேட்காமல் இருக்க ஜீப்பை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டேன்.

நாய் போன பிறகும் குஞ்சுகள் செத்தன. மூன்றை அவள் வரிசையாக உரித்தாள். மூன்றுக்கும் பின்மண்டையில் ஓட்டை, சுற்றிலும் ரத்தக்கட்டு. பெரிய நாரைகள் கொத்தியது. அவள் கத்தியை வைத்துவிட்டு, நாய் கவ்வி வந்த குஞ்சைப் போட்ட குழியைத் தோண்டு என்று என்னிடம் சொன்னாள். இருபது நாள் ஆகியிருந்தது, எலும்புதான் மிச்சம். அதை மேஜைக்குக் கொண்டு வந்தேன். மண்டையோட்டில் அலகு இறங்கிய அதே ஓட்டை. நாய் உதறிக் கொன்றிருந்தால் கழுத்தெலும்பு முறிந்திருக்கும். அது ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"தம்பிகிட்ட சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"சொன்னா நாய் எந்திரிச்சு வருமா?"

தம்பிக்காகச் சொல்கிறாளா, தன் பெயருக்காகவா என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் அவனே இன்னொரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அவள் எலும்புகளின் மேல் ஒரு பழைய பேப்பரைப் போட்டாள்.

"நாய் போயும் சாகுதேக்கா."

"இது வேற. பெரிய நாரைங்க கொத்துறது."

"அன்னைக்குச் செத்தது?"

"அது நாய்தான்."

"உரிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். டிரைவரும் கூட இருந்தாரு."

அவன் என்னைப் பார்த்தான். மருந்து வாங்கி வந்த கை என்னுடையது. நான் தலையாட்டினேன்.

அவன் சுவரில் சாய்ந்து மூச்சை விட்டான். "நல்லவேளைக்கா. ஒண்ணும் பண்ணாததைக் கொன்னுட்டேனோன்னு பத்து நாளா சோறே எறங்கல."

குஞ்சை மேஜைமேல் வைத்துவிட்டுக் குழாயடியில் கை கழுவினான். மத்தியானம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.