பாதி ஜீனி, பாதி தீனி

பரளச்சி உக்கிரபாண்டிக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் சுகர் வந்தது. மறு வருடம் அவருடைய செம்மறிக் கிடாவுக்கு இனிப்புப் பழக்கம் வந்தது.

அந்த ஊர்க் கோயிலில் ஒரு முறை உண்டு. கொடைத் திருவிழா அன்று, வெட்டுக்கு வந்த கிடாக்களை வரிசையாக நிறுத்துவார்கள். பூசாரி பால்ச்சாமி ஒவ்வொன்றின் பின்தொடையிலும் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே போவார். எந்தக் கிடாவின் தொடையில் விரல் புதையவில்லையோ அதற்கே முதல் வெட்டு, அதை வளர்த்தவருக்கே முதல் மாலை. மூன்று வருடமாக மாலை உக்கிரபாண்டியின் மச்சான் தங்கசாமி கழுத்தில்தான் விழுந்தது. தங்கசாமி அதைக் கழற்றாமலே தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். இந்த வருடமும் மாலையோடு வந்தால் தன்னால் சோறு இறங்காது என்று உக்கிரபாண்டிக்குத் தெரியும்.

தை மாதம் கால்நடை முகாம் நடந்தது. சதை கெட்டியாக என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் பிரவீணாவிடம் கேட்டார். "பாதி ஜீன், பாதி தீனிய்யா" என்றார் டாக்டர், அடுத்த ஆட்டுக்கு ஊசியை எடுத்தபடி. நாற்பது ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலமே கடையில் ஐந்து கிலோ ஜீனி வாங்கினார். ஒரு கை தவிடு, ஒரு கை ஜீனி.

மனைவி சங்கரம்மாள் மூட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். மாத்திரை தின்கிற மனுசன் ஒளித்துவைத்துத் தின்கிறார் என்று முடிவு கட்டினாள். கிடாவுக்குத்தான் என்று அவர் சத்தியம் செய்தார். "வாயில்லாச் சீவன் மேல பழி போடாதீக" என்றாள்.

சித்திரைக்குள் கிடா தலையணை போல ஆனது. எறும்புகள் அதன் பின்னாலேயே நடந்தன. வெறும் தவிட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொடைக்கு ஒரு வாரம் இருக்க, திருச்சுழி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் கொழுப்பு என்றார். ஜீனி போட்ட கதையை உக்கிரபாண்டி சொன்னதும் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ஜீனி இல்லய்யா, ஜீன். அப்பன் ஆத்தாகிட்ட இருந்து ரத்தத்துல வர்றது. இதோட அப்பன் கெடா யாருது?"

"எங்க மச்சான் தங்கசாமியோடதும்மா. வருசா வருசம் மொத மாலை வாங்குறவரு."

"அப்ப அதுல குறையே இல்ல. நீங்க போட்ட தீனிதான்."

தங்கசாமியின் கிடா கருவேல நெற்றும் கடலைக்கொடியும் தின்று, தினமும் கண்மாய் வரை நடந்து வளர்ந்தது. அதுவும் இதுவும் ஒரு தகப்பன் பிள்ளைகள்.

கொடையன்று பால்ச்சாமியின் விரல் கணு வரை புதைந்தது. கிடா திரும்பி அந்த விரலை நக்கியது. முதல் மாலை தங்கசாமிக்குப் போனது.

வெட்டுக்கு முன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். மற்ற கிடாக்கள் சிலுப்பின. உக்கிரபாண்டியின் கிடா தண்ணீரை நக்கிப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லை என்று கண்டு, படுத்துக்கொண்டது. மூன்று செம்பு ஊற்றியும் அசையவில்லை. சாமி வேண்டாம் என்கிறது, அவிழ்த்துக்கொண்டு போங்கள் என்றார் பூசாரி.

"சாமிக்கும் சுகர் இருக்கும்போல மாப்ள" என்றார் தங்கசாமி, மாலையைச் சரிசெய்துகொண்டே.

கோயிலிலிருந்து அன்று நடந்து திரும்பிய கிடா அது ஒன்றுதான். பாதி வழியில் டீக்கடைக்கு எதிரே நின்றுவிட்டது. இழுத்தும் வரவில்லை. கடைக்காரர் கேட்காமலே இரண்டு கிளாஸை எடுத்து வைத்தார்.

"ஒண்ணுல ஜீனி வேண்டாம்" என்றார் உக்கிரபாண்டி.