வெளியூர் ஹாலில் நாங்கள் தோற்ற காரணம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், வெட்கமாக இருக்கும், மூடி வைத்துவிடுவேன். நான் படித்தது ஐ.டி.ஐ. வரைக்கும்தான். எழுத்து வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எழுத வேண்டிய விஷயத்தில் நான் நல்லவனாக நடந்துகொள்ளவில்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்தால் ஷட்டில் ஆடுவது இருபது வருடப் பழக்கம். டபுள்ஸில் என் ஜோடி அதே செக்‌ஷனில் ஃபோர்மேனாக இருந்தவர். நெல்லிக்குப்பத்துக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிற கத்தோலிக்கர். நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டு, மாதப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வருகிறவன். அவர் என்னை ‘சாமி’ என்பார். நான் ‘அண்ணே’ என்பேன்.

எங்கள் ஹாலில் கூரை தாழ்வு. குறுக்கே இரண்டு இரும்பு பீம். பந்தைத் தூக்கி அடித்தால் பீமில் படும், பட்டால் பாயிண்ட் போச்சு. கீழே சிமெண்ட் தரை. கிழக்குக் கதவு சரியாக மூடாது, அதனால் எந்நேரமும் ஒரு பக்கத்துக் காற்று. இதற்கெல்லாம் எங்கள் கை பழகியிருந்தது. வலையை ஒட்டினாற்போலத் தட்டையாக அடிப்போம். பந்தும் நைலான் பந்துதான். டவுன்ஷிப்பில் எங்களை ஜெயிக்க ஜோடி கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

வெளியூர் போனால் முதல் ரவுண்டிலேயே தோற்போம். வேலையில் இருக்கிற மூத்தவர்களுக்கான போட்டி வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஊரில் நடக்கும். ஒரு ஊரில் பச்சை மேட் விரித்திருப்பார்கள். ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அந்த மேட்டில் ஓடினால் உடம்பு போகும், கால் போகாது, அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு ஊரில் கூரை எங்கேயோ இருக்கும். எதிராளிகள் தூக்கித் தூக்கிப் போடுவார்கள், அண்ணாந்தால் கண்ணுக்கு நேரே லைட். வேறொரு ஊரில் ஏசி காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது.

எல்லா ஊரிலும் மாறாமல் இருந்தது ஃபெதர் பந்து, வாத்து இறகில் செய்தது. நைலான் பந்து மிதந்து வந்து விழும். ஃபெதர் அப்படியில்லை. வேகமாகக் கிளம்பும், பாதி வழியில் வேகம் செத்துப்போய்த் தலைகுப்புற விழும். நான் பந்துக்காகக் காத்து நிற்பேன், அது எனக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து கிடக்கும். ஒவ்வொரு தடவையும். அந்த எரிச்சல் சொல்லி மாளாது. பார்க்கிறவர்களுக்கு நான் நின்றபடி தூங்குகிற மாதிரி இருந்திருக்கும்.

ஃபெதரில் பழகினால் தீர்ந்துவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் ஒரு டப்பா வாங்கிக்கொண்டே வந்துவிட்டார்.

“சாமி, ஒரு மாசம் இதுலயே ஆடிப் பாப்பம்.”

“பீம்ல பட்டா ரெண்டு அடியில பிஞ்சிடும்ணே. வீணாப் போவும்” என்றேன்.

அது பொய். முதல் வெளியூர்ப் போட்டிக்கு முன்னால் வந்த தைப்பூசத்தில், வடலூரில் ஏழு திரையும் விலகி ஜோதி தெரிந்த நேரத்தில், ஓர் உயிரிலிருந்து பிடுங்கி எடுத்த எதையும் கையால் தொடமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தேன். தோல் பெல்ட்டைத் தூக்கிப் போட்டேன். தோல் செருப்பையும் தூக்கி எறிந்தேன். ஃபெதரும் அதில் சேர்த்திதான். ஆனால் அதை வெளியே சொன்னால் போட்டிக்குப் போக முடியாது, போட்டிக்குப் போகவோ எனக்குக் கொள்ளை ஆசை. எனவே நானாக ஒரு வழி செய்துகொண்டேன். ஊரில் ஃபெதரைத் தொடுவதில்லை. போட்டியில் மட்டும் விதி என்பதால் ஆடிவிட்டு, மறுவாரம் வடலூரில் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்துவிடுவது. இது என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

“வருஷம் பூரா விரதம், ஒரு நாளு லீவு. ஆண்டவருக்கே ஷிஃப்ட் போட்டுக் குடுத்துட்டீங்க” என்றாள்.

நான் அவளிடம் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. அவள் சொன்னது சரி. சத்தியத்தையும் உருப்படியாகக் காக்கவில்லை, ஆட்டத்தையும் உருப்படியாக ஆடவில்லை.

தோற்றுவிட்டுத் திரும்பும்போது அண்ணன் என்ன ஆயிற்று என்று கேட்பார். ஒரு வருடம் தரை என்றேன். ஒரு வருடம் காற்று என்றேன். அவர் எல்லாவற்றையும் நம்பினார். தரை என்று சொன்னதற்காக, கடலூரில் மேட் போட்ட ஹால் ஒன்றை விசாரித்துப் பிடித்து, பூசை முடிந்த கையோடு பல ஞாயிறுகள் என்னை அழைத்துப் போனார். அங்கேயும் நான் நைலான் பந்தைத்தான் பையில் எடுத்துப் போனேன். லைட் என்று சொன்ன வருடம், அலைந்து அனுமதி வாங்கி, எங்கள் ஹாலில் இரண்டு பக்கமும் பெரிய லைட் தொங்கவிட ஏற்பாடு செய்தார். எலக்ட்ரீஷியன் நான்தானே, ஏணியில் ஏறி ஒயர் இழுத்ததும் நான்தான். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கண்ணு கூசுதா சாமி? நல்லா பாத்துக்குங்க. அங்கயும் இப்பிடித்தான் கூசும்.”

அப்போதே இறங்கி வந்து சொல்லியிருக்க வேண்டும். நான் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஜோடிக்கு அவர்தான் மூத்தவர் என்பதால் பழி முழுக்க அவர்மேல் விழுந்தது. “ஃபோர்மேன் உள்ளூர்ப் புலிப்பா, டவுன்ஷிப் ஆர்ச் கேட்டத் தாண்டுனா பூனை” என்று அவர் காதுபடவே பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஷூ லேஸைக் கட்டுவார்.

அவருக்கு ரிட்டயர்மெண்ட் வருடம் வந்தது. ரிட்டயர் ஆனால் போட்டியில் பெயர் சேர்க்கமாட்டார்கள். குவார்ட்டர்ஸையும் காலி செய்துகொண்டு நெல்லிக்குப்பம் போகவேண்டும்.

“கப்பெல்லாம் வேணாம் சாமி. வெளியூர்ல ஒரே ஒரு ரவுண்டு. அதச் சொல்லிக்கினு வூட்டுக்குப் போயிடறேன்” என்றார்.

அந்தத் தடவை போட்டி திருச்சியில். முதல் கேமை ஜெயித்தோம், முக்கால்வாசி அவர் தனியாக ஆடியே. இரண்டாவது கேம் போயிற்று. மூன்றாவதில் எதிராளிகள் பதினொன்று, நாங்கள் ஒன்பது. பக்கம் மாற ஒரு நிமிட இடைவேளை. அவருக்கு முட்டி இரண்டும் வீங்கியிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“லைட்டா, காத்தா சாமி? எந்தப் பக்கம் கஷ்டமோ சொல்லுங்க, நான் அங்க நின்னுக்கறேன்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“லைட்டும் இல்ல, காத்தும் இல்லண்ணே. ஃபெதரத் தொடமாட்டேன்னு வடலூர்ல சத்தியம் பண்ணியிருக்கேன். அதான் பழகல.”

“எப்பலேர்ந்து?”

“ஆறு வருஷமா.”

“ஏணியெல்லாம் போட்டமே” என்றார்.

“ஆமாண்ணே.”

அம்பயர் கூப்பிட்டார். “வாங்க” என்று சொல்லிவிட்டு அண்ணன் முன்னால் நடந்தார். ஆட்டத்தில் ஒவ்வொரு பந்துக்கும் ‘உங்களுது’, ‘என்னுது’ என்று குரல் கொடுப்பது அவர் வழக்கம். அதற்குப் பிறகு ஒரு குரலும் வரவில்லை. நாங்கள் பதிமூன்று பாயிண்டில் நிற்க, ஆட்டம் முடிந்துபோயிற்று.

பஸ்ஸில் விருத்தாசலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். “சத்தியத்த நான் கொற சொல்லல சாமி. தவக்காலம் பூரா கறி தின்னாம நானும்தான் ஆடியிருக்கேன். மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேற ஜோடி பாத்திருப்பேன். இல்லாட்டி நம்ம ரெண்டு பேரும் நைலான்லயே இங்க ஆடிகினு இருந்திருப்போம். ஆறு வருஷமா லைட்டப் பாத்துகினு இருந்தேன் பாருங்க.” அதோடு கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய பிரிவுபசார விருந்தில் ஒருவர் மறுபடியும் அந்தப் புலி, பூனைப் பேச்சை எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன், “வயசாயிடுச்சிப்பா, அந்த லைட்டுல எனக்குப் பந்து தெரியல” என்றார். பக்கத்து இலையில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நான் தலையைக் குனிந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் எந்தப் போட்டிக்கும் போவதில்லை. ஹாலில் இன்றைக்கும் அவரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தால், ‘விட்டுக் குடுக்காமப் பேசறாரு’ என்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். டவுன்ஷிப்பில் ஷட்டில் ஆடுகிறவர்கள் கையில் இது கிடைத்தால், படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், என் விரதத்தைப் பெரிதாக்கியும் சொல்ல வேண்டாம். ஆறு வருடமும் தோற்றது என்னால். அவருக்கு அது தெரியாது. தெரிந்த பிறகும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளது இவ்வளவுதான், இதை இப்படியே சொல்லுங்கள்.