நான் பால் பவுடர் என்று அடித்த வரி

டெல்லியிலிருந்து அந்த உத்தரவு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மொத்த வியாபாரக் கடையில் டைப்பிஸ்டாக இருந்தேன். முதலாளி தெற்கத்திக்காரர். வெளிநாட்டு டின் சாமான்களை வரவழைத்து விற்பவர். அன்னியச் செலாவணியை மிச்சம் பிடிக்கச் சர்க்கார் பால் பவுடர் இறக்குமதியை நிறுத்திவிட்டது. கைக்குழந்தைகளுக்கான பால் உணவுக்கு மட்டும் தனி லைசென்ஸ். முதலாளி அலையாய் அலைந்து அதை வாங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பிரசவத்துக்குப் பின் வந்த ஜுரத்தில் அவளுக்குப் பால் வற்றிப்போனது. மாட்டுப்பால் கொடுத்தால் குழந்தை அப்படியே கக்கினான். டாக்டர் டின் பால் எழுதிக்கொடுத்தார். பாரிமுனை வரை நடந்து தேடியும் ஒரு கடையிலும் இல்லை. எங்கோ தேடிப்பிடித்த ஒரே டின்னும் தீர்ந்துகொண்டிருந்தது.

"ஒங்க மொதலாளி கப்பலு எப்ப வருது? டின்னுல அடி தெரியுது பாரு," என்று அக்கா தினமும் கேட்பாள்.

கப்பல் வந்தது. கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் சரக்குப் பத்திரத்தை அவசரமாக அடித்துக் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் முதலாளி வேர்த்து விறுவிறுத்துக் கடைக்குள் வந்தார். பத்திரத்தை என் மெஷின் மேல் வைத்தார்.

"ஏம்மா, என்ன அடிச்சு வச்சிருக்க? வாசிச்சுப் பாரு."

வாசித்தேன். 'குழந்தை உணவு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பால் பவுடர்' என்று இருந்தது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு சரக்குக்கும் அடித்துப் பழகிய அதே வரி. பழைய காப்பியைப் பார்த்து விரல்கள் தானாக அடித்துவிட்டன.

"லைசென்ஸ் ஒண்ணு, சரக்கு ஒண்ணுன்னு சொல்லுதாரு அந்தக் கஸ்டம்ஸ் ஆபீசர். குழந்தை பேரைச் சொல்லி டீக்கடைக்கும் மிட்டாய்க்கடைக்கும் இறக்குறேனாம். பெட்டி பூராவும் துறைமுக ஷெட்ல முடக்கியாச்சு. நானும் வாசிக்காமக் கையெழுத்துப் போட்டுத் தொலைச்சேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

மறுநாள் காலை நானும் வருகிறேன் என்றேன். பொம்பளைப் பிள்ளைக்கு ஷெட்டில் என்ன வேலை என்று தயங்கினார். பிறகு கூட்டிப்போனார். பழைய காப்பியை ரவிக்கையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சுங்க அதிகாரியின் மேஜைமுன் நின்றேன்.

"நான்தான் சார் அடிச்சேன். இந்தப் பழசைப் பாத்து அடிச்சுட்டேன். முதலாளி மேல தப்பு இல்ல."

"பிடிபட்ட பிறகு எல்லாரும் டைப்பிஸ்ட் தப்பு என்றுதான் சொல்கிறார்கள்," என்றார் அவர், தலை நிமிராமல்.

"பெட்டியைத் திறந்து பாருங்க சார்."

அவர் எழுந்து, பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கம் வந்தார். மேலே இருந்த பெட்டியை முதலாளி காட்டினார். அதிகாரி அடியில் இருந்த ஒன்றைக் காட்டி, அதை எடுக்கச் சொன்னார். கூலிக்காரர்கள் ஆணி பிடுங்கினார்கள். எனக்கு அப்போதுதான் வேறு பயம் வந்தது. அனுப்பியவன் நிஜமாகவே சாதாரணப் பால் பவுடரை அனுப்பியிருந்தால்?

டின் வெளியே வந்தது. அதைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு அட்டவணை: முதல் மாதம் எத்தனை கரண்டி, இரண்டாம் மாதம் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை.

"டீக்கடைக்காரனுக்கு மாசக் கணக்கு எதுக்கு சார்?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார். இன்னும் இரண்டு பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். மூன்றிலும் அதே அட்டவணை.

"சாம்பிள் சோதனைக்குப் போகும். ரிப்போர்ட் சரியாக இருந்தால் பத்திரத்தைத் திருத்தித் தரலாம். அதுவரை ஒரு டின்கூட வெளியே போகாது."

"எங்க அக்கா கொழந்தைக்கு ஒண்ணே ஒண்ணு..."

"கேட்காதே அம்மா." குரல் தாழ்ந்தது. "நான் கொடுக்க முடியாது."

நான்கு நாள் ஆனது. வீட்டு டின் இரண்டாம் நாளே காலி. அக்கா கஞ்சித் தண்ணீரை வடிகட்டிப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தாள். குழந்தை முதலில் வீறிட்டு அழுதான். பிறகு அழுவதை நிறுத்திவிட்டான். அந்த மௌனத்தைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. கண் குழிவிழுந்து, உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தான். டாக்டர் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். தாமதத்துக்குக் காரணம் நான் என்று அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை சரக்கு விடுபட்டது. முதல் பெட்டியிலிருந்து ஒரு டின்னை எடுத்து முதலாளி என் கையில் கொடுத்தார். "ஓடு," என்றார். ஓடினேன்.

அக்கா டின்னைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கலக்கிய பாலைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள்.

"அக்கா, இந்த டின்னு லேட்டானதுக்கு நான்தான்..."

"இன்னாவோ இருக்கட்டும். இப்ப சொல்லாத. கொயந்த குடிச்சு முடிக்கட்டும்."

முதலில் இரண்டு வாய் வழிந்தது. பிறகு உறிஞ்சத் தொடங்கினான். அரைப் புட்டி குடித்துத் தூங்கிப்போனான். நாங்கள் கக்குவானோ என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கக்கவில்லை.

"இப்ப சொல்லு," என்றாள்.

சொன்னேன். அவள் குழந்தையின் வாயைத் துடைத்துப் பாயில் கிடத்தினாள். "அந்தாண்ட போய் ஒக்காரு. ஒன் மூஞ்சியப் பாத்தா எனுக்கு ஆத்திரமா வருது," என்றாள். இரண்டு வாரம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. குழந்தையைத் தூக்கவும் விடவில்லை. பிறகு ஒரு நாள் சமையலுக்கு நடுவே, அவனை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். கனம் கூடியிருந்தான்.

கடையில் முதலாளி என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. பழைய காப்பிகளையெல்லாம் நானே கட்டிப் பரணில் ஏற்றினேன். அதற்குப் பிறகு, அடித்த பத்திரத்தை நான் உரக்க வாசிப்பேன். லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வரி வரியாகக் கேட்டு ஒத்துப் பார்ப்பார்.