ஏழாம் கதவில் பென்சில் எழுத்து

எங்கள் வீட்டில் ஒரு சோதனைக்கு நான்கு பேர் சேர்ந்து ஆயத்தம் செய்தது அந்த ஒரு தடவைதான். சோதனை எழுத வேண்டியவர் சின்னம்மா. வினாத்தாள் ஜேர்மனியிலிருந்து வந்தது.

நாட்டில் சண்டை முடிந்து மூன்று வருடம் இருக்கும். எனக்கு ஒன்பது வயது. குருநகரில் கடலுக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா என்று நால்வர் இருந்தோம். சின்னம்மா பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓர்கன் வாசித்தார். வயது முப்பத்தாறு. அதுவரை வந்த சம்பந்தங்கள் எல்லாம் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போயிருந்தன. அம்மா புனித அந்தோனியாரோடு கோபித்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார். அப்போதுதான் ஜேர்மனி மாப்பிள்ளை அகப்பட்டார். முதல் மனைவி நோய் வருத்தம் வந்து இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, நல்ல வேலை, அதிகம் கதைக்கமாட்டார். இதை விட்டால் இனி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சின்னம்மாவுக்கும் தெரியும்.

விடுமுறையில் ஊருக்கு வந்த ஒருவரிடம் மாப்பிள்ளை பார்சல் ஒன்று கொடுத்துவிட்டிருந்தார். சொக்லேட், வாசச் சவர்க்காரம், ஒரு சீடிப் பெட்டி. பெட்டிக்குள் சிறு புத்தகமும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன. ‘இந்தப் பாட்டு நாடகத்தைப் பலர் பாடிப் பதிந்திருக்கிறார்கள். பழையதென்றாலும் இதுவே சிறந்தது என்பது என் எண்ணம். கேட்டுவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். ஞாயிறு பின்னேரம் போன் எடுக்கிறேன்.’

அம்மா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இது சோதனை," என்றார். "எங்கடை பெட்டையின்ரை தரத்தை அளக்கிறார்."

"பாட்டு நல்லமோ எண்டு கேக்கிறார், அக்கா. அவ்வளவுதான்," என்றார் சின்னம்மா.

அம்மா நம்பவில்லை. சொக்லேட்டை எனக்குத் தந்துவிட்டு, சீடிப் பெட்டியைக் கொண்டுபோய் மாதா சுருவத்தின் காலடியில் வைத்தார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, அம்மா கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். அச்செழுத்தெல்லாம் இங்கிலிஸும் ஜேர்மனும். ஆனால் மூன்று பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. சின்னச் சின்னதாய், ஒரு பக்கம் சாய்ந்த எழுத்து. முதலாவது இடத்தில், ‘சுவர் மூச்சு விடுது.’ நடுவில், ‘இவள் பயப்படேல்லை. இவளுக்கு எல்லாம் முதலே தெரியும்.’ கடைசியில், ‘இனி வாறவவுக்கு: அவரை இதைத் தனியக் கேக்க விடாதேங்கோ.’

போன மாதம்தான் கோயில் பாட்டுப் புத்தகத்தில் பூனைப் படம் கீறி அம்மாவிடம் அடி வாங்கியிருந்தேன். ஜேர்மனியிலிருந்து வந்த புத்தகத்தில் தமிழ்க் கிறுக்கல் இருந்தால் பழி யார் தலையில் விழும்? அழிறப்பரை எடுத்து மூன்றையும் அழித்தேன். தூளை ஊதிவிட்டுப் புத்தகத்தை இருந்தபடியே வைத்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நால்வரும் கேட்க இருந்தோம். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். அந்த நாட்களில் வீட்டில் பாட்டுப் போடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாப்பிள்ளைக்காக ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டுச் சட்டத்தைத் தளர்த்தினார். அயலுக்குக் கேட்டாலும் யேசுவின் பாடுகளைப் புலம்பிப் பாடும் பசாம் படிக்கிறார்கள் என்று நினைப்பார்கள் என அப்பா தைரியம் சொன்னார். சத்தம் இடைஞ்சல் என்று ஃபானையும் நிற்பாட்டினோம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே முகம் தெரியாத இருட்டும் புழுக்கமுமாக இருந்தது. சின்னம்மாவின் மடியில் புத்தகமும் கையில் டோர்ச்சும்.

அவர் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஹங்கேரி என்ற நாட்டில் நூறு வருடத்துக்கு முதல் செய்த நாடகம். ஜன்னலே இல்லாத கோட்டைக்கு ஒரு பிரபு புதுப் பெண்சாதியைக் கூட்டி வருகிறான். உள்ளே பூட்டிய கதவுகள் ஏழு. திறப்பைத் தா என்று அவள் கேட்கிறாள். கேட்காதே என்கிறான் அவன். பாடுகிறவர்கள் அந்த இரண்டு பேரும்தான்.

ஜன்னல் இல்லாத கோட்டை என்றதும் நான் எங்கள் ஜன்னல்களைப் பார்த்தேன்.

முதல் கதவில் திறப்புத் திரும்பியபோது நீளமாக ஒரு பெருமூச்சுக் கேட்டது. அது ஆணின் மூச்சா பெண்ணின் மூச்சா என்று சொல்ல முடியவில்லை. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"மனுசரில்லை அக்கா. சுவர் மூச்சு விடுது," என்றார் சின்னம்மா.

நான் எட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். டோர்ச் வெளிச்சம் விழுந்த இடத்தில் நான் அழித்த ஓரம் வெறுமையாகத்தான் இருந்தது.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வதைக்கும் அறை, ஆயுத அறை, நகைகள், பூந்தோட்டம். எல்லாவற்றிலும் இரத்தம். கோயில் கூத்தில் பல வருடம் ராசா வேடம் கட்டிய அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆண் குரலை அளந்தார்.

"உவன் நல்ல ராசா. பெலன் கிடக்கு, ஆனால் வெளியிலை விடுறானில்லை. அழுகையை விழுங்கிப்போட்டுப் பாடுறான்," என்றார். அம்மா அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

ஐந்தாம் கதவில் எங்கள் சின்ன ஸ்பீக்கர் அதிர்ந்தது. வாத்தியங்கள் எல்லாம் ஓர்கனோடு சேர்ந்து முழங்கின. முற்றத்தில் நாய் ஊளையிட்டது. பிரபு தன் நாடு முழுவதையும் அவளுக்குக் காட்டுகிறான் என்றார் சின்னம்மா. பிறகு எல்லாம் அடங்க, அந்தப் பெண் தனியே ஒரு வரி பாடினாள். மெதுவாக, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், கடைக்குப் போகிறவளுக்குச் சாமான் சொல்வதுபோல.

"உதென்ன, உயிரில்லாமல் பாடுறாள்," என்றார் அம்மா. "உதைக் குறையெண்டு சொல்லலாமோ?"

"குறையில்லை. இந்தப் பதிவின்ரை பெறுமதியே உதிலைதான் கிடக்கு. வேறை ஒருத்தி எண்டால் உந்த இடத்திலை வாயைப் பிளந்துகொண்டு அதிசயப்படுவாள்." சின்னம்மா டோர்ச்சை நிற்பாட்டினார். "இவள் பயப்படேல்லை. இவளுக்கு எல்லாம் முதலே தெரியும்."

அழித்த எழுத்து அழியவில்லை, சின்னம்மாவின் வாய்க்குள் போய்விட்டது என்று அந்த நிமிடம் நான் விளங்கிக்கொண்டேன். பயத்தில் மூத்திரம் முட்டியது. எழும்பிப் போகவும் பயமாக இருந்தது. ஆறாம் கதவில் கண்ணீர்க் குளம். ஏழாம் கதவில் அவனுடைய முந்தின பெண்சாதிமார், உயிரோடு. புதியவளும் அவர்களோடு போய் நின்றுகொள்ள, கதவு மூடிக்கொள்கிறது. நான் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். மூன்றாவது வரியும் வரப்போகிறது என்று நினைத்தேன். அன்று அது வரவில்லை.

பின்னேரம் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, விடை எழுதிய கொப்பியைச் சின்னம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். ஆண் குரல் கம்பீரம், பெண் குரல் இனிமை, இசை மிக நன்று. மாப்பிள்ளை தீர்ப்பைக் கேட்டார். சின்னம்மா கொப்பியைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பொம்பிளைதான் இதிலை திறம். அவள் பயப்படேல்லை. அவளுக்கு எல்லாம் முதலே தெரியும்," என்றார்.

லைன் அறுந்துபோச்சோ என்று அம்மா வாயசைத்தார். பிறகு ஒரு மூச்சு நீளமாகக் கேட்டது, முதல் கதவில் கேட்டதுபோலவே.

"ஓம்," என்றார் அவர். "தீர்ப்புச் சரி."

மறு மாதம் அவர் ஒரு கிழமை வந்து நிற்க, கல்யாண எழுத்து முடிந்தது. சின்னம்மா பாஸ் பண்ணிவிட்டார் என்று அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

விசா வந்து சின்னம்மா வெளிக்கிட்ட காலை, வான் வாசலில் நிற்க, அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். இவ்வளவு நாளும் அவரைத் தள்ளிவிட நின்றவருக்குத் திடீரென்று ஞானம் வந்ததுபோல இருந்தது. "தெரியாத ஊர், தெரியாத மனுசன். ஏன் போறாய்?" என்றார்.

"அவரை அதைத் தனியக் கேக்க விடக்கூடாது, அக்கா," என்றார் சின்னம்மா.

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வான் போகும்வரை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து நின்றேன். சின்னம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் போகவில்லை. ஏழாம் கதவுக்குள் அவரை அனுப்பிவைத்தது என் அழிறப்பர்தான் என்ற எண்ணம் பல வருடம் என்னை விட்டுப் போகவில்லை. நத்தாருக்கு வாழ்த்துச் சொல்ல அவர் போனில் கதைக்கும்போதெல்லாம் அந்த ஏற்ற இறக்கம் இல்லாத குரல் வருகிறதா என்று உற்றுக் கேட்பேன்.

போன வருடம் சித்தப்பாவை அங்கே விட்டுவிட்டுச் சின்னம்மா தனியே வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். ஏனென்று கேட்டால் கதையை மாற்றினார். நானும் இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் மேசையடியில் வந்து இருந்தவரிடம் ஒருவழியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் குலுங்கிச் சிரித்தார்.

"பார்சல் வந்த அண்டைக்கே நான் வாசிச்சிட்டன், பிள்ளை. நீ அழிச்சதும் தெரியும். ரப்பர்த் தூள் முழுக்க மாதாவின்ரை காலிலையெல்லோ கிடந்தது."

"அப்ப நீங்கள் போனிலை சொன்னது?"

"அவரின்ரை முதல் மனுசி எழுதினதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்து எழுதினவ. அதை நான் வாசிச்சிட்டன் எண்டு அவருக்குத் தெரியட்டும் எண்டுதான் சொன்னனான்."

"பயமாயிருக்கேல்லையோ?"

"இருந்தது. ஆனால் சாகக் கிடந்தவ என்னட்டை ஒண்டு கேட்டிருக்கிறா. மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

கைப்பையைத் திறந்து அதே சிறு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நீதானே அழிச்சனி, நீயே எழுது என்றார். முதல் இரண்டு வரிகளையும் நான் எழுதினேன். ஏழாம் கதவுக்கு வந்ததும் பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தன் உருண்டையான எழுத்தில், அவசரப்படாமல், ‘இனி வாறவவுக்கு’ என்று தொடங்கி மூன்றாவது வரியைத் தானே எழுதி முடித்தார்.

மேசையில் கிடந்த அழிறப்பரையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டு மூடினார். ஒன்பது வயதில் விளங்காதது எல்லாம் விளங்கிவிட்ட சந்தோசத்தில் நான் அதற்கும் சிரித்தேன்.