எதிர்க்கடை இல்லாத ஊர்

தேனி அல்லிநகரத்து மாடி அலுவலகத்தில் காலையில் நுழைந்ததும் கைப்பேசியை ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டுவிட வேண்டும். முதலாளி அதைத் தன் மேசைக்கடியில் காலருகே வைத்துக்கொள்வார். கைப்பேசி விளையாட்டுகளைச் செய்கிற கம்பெனி அது. விளையாட்டைச் சோதிக்கக் கைப்பேசி கேட்டால்கூட, எதற்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருவார்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்து மனிதர். பெங்களூரை விட்டுவிட்டுத் தேனியில் ஏன் தொடங்கினார் என்பதில் அங்கே வேலை பார்த்த எங்கள் ஆறு பேருக்கும் சந்தேகம் உண்டு. வாடகை குறைவு, சம்பளம் குறைவு, பெண்கள் வீட்டிலிருந்தே வந்துபோகலாம் என்று நான் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். நான்காவது காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார். "எங்க தெருவுல வரிசையா ஏலக்காக் கடை. நம்ம தரம்பிரிக்கிற ஆளை எதுத்த கடைக்காரக டீ வாங்கிக் குடுத்தே கூட்டிட்டுப் போயிருவாக. இங்கன எதுத்த கடையே கெடையாதும்மா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத் தாழ்ப்பாள் விழுந்ததுபோல இருந்தது. ஆனாலும் என் படிப்புக்கு என் ஊரில் இருந்த ஒரே வேலை அது. அது நிலைக்க வேண்டுமென்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டியிருப்பேன்.

பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்றைச் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தோம். ஆடுகிற அத்தனை பேரையும் இணைக்கிற சர்வர் கணினி வேலை தெரிந்தவர் எங்களில் இல்லை. கேட்டுக்கொள்ள ஊரிலும் யாருமில்லை. கடைசியில் உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் பெங்களூரிலிருந்து வேலை கேட்டு வந்தார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஊர்ப்பக்கம் திரும்பினால் தேவலை என்றார். எல்லாம் பேசி முடித்து எழும்போது கேட்டார்: "சார், இந்த வேலை சரிப்படலைன்னா இங்கன வேற யார்ட்டப் போறது?"

முதலாளியின் முகம் மாறியது. "இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள போறதைப் பத்திக் கேக்குறீகளே தம்பி."

"வீட்டைக் காலி பண்ணிட்டு வர்றவன் கேக்கத்தானே சார் செய்வான்."

அவர் படியிறங்கியதும், "வேவு பாக்க வந்த ஆளு ஆத்தா" என்றார் முதலாளி. நான் நம்பவில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

அவர் சேரவில்லை. அந்த விளையாட்டைச் செய்யச் சொன்னவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகினார்கள். அலுவலகம் பூட்டப்பட்டது, நான் பெங்களூருக்கு பஸ் ஏறினேன்.

இங்கே ஒரே சாலையில் பல விளையாட்டுக் கம்பெனிகள். திறமை கூடுகிற இடம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் இன்னொரு கம்பெனி இருக்கிற தைரியத்தில் ஆட்கள் வருகிறார்கள். ஆட்கள் இருக்கிறார்கள் என்று இன்னொரு கம்பெனி வருகிறது. டீக்கடை வாசலில் எல்லோரும் எல்லோரையும் நோட்டம் விடுகிறோம். எவர் எதில் சிக்கினார், எப்படி மீண்டார் என்பது மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

சென்ற மாதம் பழைய முதலாளி போனில் அழைத்தார். நான் இப்போது இருக்கிற கம்பெனிக்கு இரண்டு கட்டிடம் தள்ளி இடம் பிடித்திருக்கிறாராம். "வந்துரு ஆத்தா" என்றார்.

"உங்களுக்கு நான் வேணுமா சார், எங்க ஆபீஸ் சேதி வேணுமா?"

"ரெண்டும் வேணாம்னா இம்புட்டு வாடகை குடுத்து இங்கன எதுக்கு வந்து ஒக்காரணும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போவதில் பயமில்லை, சரிப்படாவிட்டால் பத்தடியில் வேறு வேலை கிடைக்கும். எதிர்க்கடைக்குப் பயந்த அவரும் இப்போது என்னுடைய அந்தத் தைரியத்தை நம்பித்தான் கூப்பிடுகிறார் என்பதுதான் இடிக்கிறது.