இரண்டு கிரகங்களுக்கும் ஒரே கடிதம்

இன்று பின்னேரம் புளியந்தீவில் நாங்கள் நான்கு பேர் விண்வெளி விளையாட்டு ஆடினோம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசி ஆடுவது.

ஆசிரியர் குமரன் ஒரு கிரகத்தின் தலைவர். நாட்டில் போர் முடிந்த பிறகு ஓட்டமாவடியிலிருந்து பஸ்ஸில் வந்து ஆடும் நஸீர் மற்றக் கிரகத்தின் தலைவர். நான் இருவருக்கும் பொதுவான தூதுவர். ஆட்டத்தை நடத்தியவர் பாலா.

"அவர்கள் உங்கள் தண்ணீரில் நஞ்சு கலக்கிறார்கள்" என்று இரண்டு தலைவர்களுக்கும் கடிதம் வந்தது. இருவரும் படை திரட்டினார்கள்.

கடிதங்களை வாங்கி அருகருகே வைத்தேன். சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்தன. மூன்றாவது இனமொன்று மறைந்திருந்து இருவரையும் மூட்டிவிடுகிறது என்றேன்.

"அவங்கட கடிதம் உங்கட கைக்கு எப்பிடி வந்தது, அண்ணன்?" என்றார் குமரன்.

"அதானே. நீங்க ஆருட ஆள்?" என்றார் நஸீர்.

சுனாமிக்குப் பிறகு, கடல் திரும்ப வருகுது என்ற வதந்தியை யார் கிளப்பியது என்று நான் விசாரிக்கப் போனபோதும் ஊர்ச் சனம் என்னிடம் இதே கேள்வியைத்தான் கேட்டது.

இருவரும் ஒற்றுமையாக வாக்களித்து என்னை நீக்கினார்கள். அடுத்த சுற்றில் இரண்டு கிரகங்களும் எரிந்தன.

மூன்றாவது இனமாக ஆடியது பாலாதான். "சரியாப் பிடிச்சீங்க அண்ணன்" என்று அவர் மட்டும் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அதைக் குடித்துவிட்டேன். இனி யார் என்னை நம்புவார்கள், சொல்லுங்கள்?