மாமாவுக்கு ஒரு லத்தீன் சொல்

கார் ஓட்டப் பழக்கும் தொழிலில் ஸ்டியரிங் ஒருவர் கையில், பயம் இன்னொருவர் வயிற்றில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழக்கும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? போன வருடம் என் வயிற்றில் பொறாமையும் சேர்ந்துகொண்டது.

எல் போர்டு

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பாதிப் பிள்ளைகள் என்னிடம் கார் பழகியவர்கள். என் அக்கா மகள் சஹானா மட்டும் தன் சித்தப்பாவின் புத்தம்புது எலெக்ட்ரிக் காரில் எல் போர்டு மாட்டிக்கொண்டு போகிறாள்! பாரிசில் பிறந்த பிள்ளை. சின்ன வயதில் எங்கள் இருவரையுமே 'ஓன்கிள்' என்பாள். தாய்மாமனுக்கும் சித்தப்பனுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் மேல் எனக்கு அப்போதே கோபம். அக்காவிடம் போய் முறையிட்டேன்.

"பிள்ளை தானாக் கேட்டுப் போனவள். இதுக்கும் முகத்தைத் தூக்குவியே?" என்றாள்.

ருமேனியாக்காரன்

என்னிடம் பழகிய ஃப்ளோரின், பாடம் முடிந்ததும் தன் மொழியில் 'உன்க்' என்று ஒருவருக்குப் போன் போடுவான். அம்மாவின் தம்பியா, அப்பாவின் தம்பியா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். யார் கார் தருகிறாரோ அவர்தான் நெருக்கம்."

குப்பைத் தொட்டி

என்னிடம் பழக வந்த லத்தீன் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். என் மனக்குறையைக் கேட்டுச் சிரித்தார். ஓன்கிள், உன்க் எல்லாம் 'அவுங்குலுஸ்' என்ற லத்தீன் சொல்லின் வாரிசுகளாம். 'குட்டித் தாத்தா' என்று பொருள். அந்தக் காலத்தில் அது தாய்மாமனுக்கு மட்டுமே உரிய சொல்லாம். அப்பாவின் சகோதரனுக்கு 'பத்ருவுஸ்' என்று தனிச்சொல் இருந்து, வாரிசில்லாமல் வழக்கொழிந்து போனதாம். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! பின்னால் தடாலென்று சத்தம். அடுத்த வீட்டுக் குப்பைத் தொட்டி சரிந்து கிடந்தது.

"உங்கள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, சேர்," என்றார் டீச்சர்.

பம்பர்

ஞாயிற்றுக்கிழமை லத்தீனோடு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் எலெக்ட்ரிக் காரின் முன்பம்பர் நசுங்கிக் கிடந்தது. சித்தப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சஹானாவிடம் அவுங்குலுஸின் பெருமையை முழுக்கச் சொன்னேன். "ஐரோப்பாவே மாமன் பக்கம் நிக்குது. நீ ஏன் அங்கை போனனி?" என்று கேட்டே விட்டேன். அவள் வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கட கார் இடிபட்டா உங்கட வேலை நிண்டு போகும், மாமா. சித்தப்பாவுக்கு என்ன, அவர் பஸ்ஸிலை போவார்."

லத்தீன் தராத நிம்மதியை அந்த நசுங்கிய பம்பர் தந்தது உண்மைதான். ஆனாலும் அது என் பம்பராக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இன்னமும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.